‘அன்லிமிடெட்’ திட்டத்தின் வரம்புகள்

சொந்தமாக ஓர் இணையதளம் தொடங்கலாம் என்று ஹோஸ்டிங் நிறுவனங்களின் பக்கங்களைத் திறந்தால், எல்லா இடத்திலும் ஒரே காட்சிதான். மூன்று கட்டங்கள். நடுக்கட்டம் மட்டும் கொஞ்சம் உயரமாக, ‘அதிகம் விற்பனையாவது’ என்ற பட்டையுடன் நிற்கும். மேலே கோடு போட்டு அடித்த பெரிய விலை, அதன் கீழே கவர்ச்சியான சின்ன விலை. மூன்று, நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பணம் கட்டினால்தான் அந்தச் சின்ன விலை என்பது அடியில் மங்கலான எழுத்தில் இருக்கும். பச்சை டிக் போட்ட வரிசையில் முதலிலோ இரண்டாவதிலோ ‘அன்லிமிடெட் பேண்ட்வித்’ என்றொரு வரி.

அதைப் பார்த்ததும் வாங்குபவருக்கு ஒரு கவலை தீர்ந்துவிடுகிறது. எத்தனை பேர் வந்தாலும் தளம் தாங்கும் என்றுதான் பெரும்பாலோர் அதற்குப் பொருள் கொள்கிறார்கள். என் கணிப்பில், அந்தப் பட்டியலிலேயே மிகக் குறைவாகத் தகவல் தரும் வரி அதுதான். தளம் எங்கே முட்டி நிற்கும் என்பதை அது சொல்வதில்லை. சொல்லாதது தற்செயலும் இல்லை.

பேண்ட்வித் என்ற பெயரில் சந்தையில் இரண்டு அளவுகள் புழங்குகின்றன. ஒரு நொடியில் எவ்வளவு தரவு போகலாம் என்ற வேகம் ஒன்று. இதை எம்பிபிஎஸ்ஸில் அளக்கிறார்கள். ஒரு மாதத்தில் மொத்தம் எவ்வளவு போகலாம் என்ற கொள்ளளவு மற்றொன்று, இது ஜிபியில். நெட்வொர்க் பொறியாளர் முதலாவதைப் பேசுவார், ஹோஸ்டிங் விற்பவர் இரண்டாவதைப் பேசுவார். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட் போகும். இரண்டு அளவுகளையும் இணைத்துப் பார்க்க ஒரு கணக்கு போதும்: ஒரு எம்பிபிஎஸ் வேகத்தில் 30 நாளும் இடைவிடாமல் தரவு போனால் மாதம் 324 ஜிபி. அப்படியானால், ‘மாதம் 1 டிபி’ என்று விற்கப்படும் திட்டம் சராசரியில் 3 எம்பிபிஎஸ்ஸுக்குச் சற்றே மேல். இன்று வீடுகளுக்கு வரும் ஃபைபர் இணைப்பே இதைப் போல் பல மடங்கு வேகம் கொண்டது.

ஆனால் வாசகர்கள் சராசரி பார்த்தா வருகிறார்கள்? டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு நடக்கும் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். முற்பகல் தேர்வு முடிந்ததும் பயிற்சி மையங்கள் உத்தேச விடைகளைத் தயாரிக்கத் தொடங்கிவிடும். சிறுநகரத்து மையம் ஒன்று வினாத்தாளைக் கைபேசியில் படமெடுத்து, சரியான விடையைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, 4 எம்பி எடையுள்ள பிடிஎஃப்பாகத் தன் தளத்தில் ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களில் பறக்கிறது. மூன்று மணி நேரத்தில் 50,000 பேர் இறக்கினால் மொத்தம் 200 ஜிபி. மாத ஒதுக்கீடு 1 டிபி என்றால் ஐந்தில் ஒரு பங்குதான் செலவு. கவலைப்பட ஒன்றுமில்லை போலத் தெரியும். அந்த 200 ஜிபியை மூன்று மணி நேரத்தில் அனுப்பச் சுமார் 148 எம்பிபிஎஸ் வேகம் வேண்டும். சர்வரின் இணைப்பு 100 எம்பிபிஎஸ் என்றால், அதுவும் அதே சர்வரில் இருக்கும் பிற வாடிக்கையாளர்களோடு பங்கு போடுவது என்றால், அன்று மாலை முழுக்கத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மாதக் கணக்கில் 800 ஜிபி மிச்சம் இருந்தும் பயனில்லை.

அதே விடைகளை 200 எண்கள், 200 எழுத்துகள் என்று தட்டச்சு செய்து சாதாரணப் பக்கமாகப் போட்டிருந்தால்? மேலே லோகோ, கீழே விளம்பரம் எல்லாம் சேர்த்து 100 கேபி என்றே வைத்தாலும், அதே 50,000 பேருக்கு மொத்தம் 5 ஜிபி. வேகம் 4 எம்பிபிஎஸ்ஸுக்குள். தட்டச்சு செய்ய ஒருவருக்கு அரை மணி நேரம் ஆகலாம். அந்த அரை மணி நேரம், அடுத்த உயர்ந்த திட்டத்துக்குக் கட்டியிருக்கும் பணத்தைவிட அதிகமாகத் தளத்தைக் காப்பாற்றும்.

சரி, ‘அன்லிமிடெட்’ எப்படிக் கட்டுப்படியாகிறது? நம் ஊர் ஓட்டல்களில் ‘அன்லிமிடெட் மீல்ஸ்’ போடும் கணக்குதான். மூன்றாம் முறை சோறு கேட்பவர் சிலர், ரசத்தோடு எழுந்துவிடுபவர் பலர் என்று முதலாளிக்குத் தெரியும். ஓட்டலில் அது நேர்மையான வியாபாரம். எல்லாம் சாப்பிடுபவரின் கண்ணெதிரே நடக்கிறது. ஹோஸ்டிங்கில் சோறு வரம்பில்லாமல்தான் கிடைக்கிறது, ஆனால் உங்கள் பெயருக்கு ஒதுக்கியது இருபது நாற்காலி, பரிமாற ஒரே ஆள் என்பதை இலை போடும் முன் யாரும் சொல்வதில்லை.

இருபது என்பது நான் கற்பனையாகச் சொன்ன எண் அல்ல. பகிர்வு ஹோஸ்டிங் சர்வர்களில் பரவலாகப் பயன்படும் கிளவுட்லினக்ஸ் மென்பொருளில் ஒரு கணக்குக்கு நிறுவும்போதே வரும் இயல்பு அளவு இது: ஒரே சமயத்தில் 20 நுழைவுகள், ஒரு பிராசஸர் கோரின் சக்தி, 1 ஜிபி நினைவகம், வட்டிலிருந்து நொடிக்கு 1 எம்பி. நிறுவனங்கள் இவற்றைத் திட்டத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். வேர்ட்பிரஸ் தளம் ஒன்று ஒரு பக்கத்தைத் தயாரிக்க மூன்று நொடி எடுத்துக்கொண்டால், இருபது நுழைவில் நொடிக்கு ஏழு பேருக்குக்கூடப் பக்கம் கொடுக்க முடியாது. கூட்டம் இன்னும் கூடினால் ‘508 ரிசோர்ஸ் லிமிட் ஈஸ் ரீச்டு’ என்ற வெள்ளைப் பக்கம் வரும். மாத ஒதுக்கீடு தீர்ந்துபோனால் வருவது 509. பழைய நாட்களில் இணையத்தில் உலவியவர்களுக்கு 509 நன்றாகப் பழக்கம். இப்போது அதைக் காண்பதே அரிது. அதன் இடத்தை 508 பிடித்துக்கொண்டது. வரம்பு ஒழியவில்லை, வாங்குபவர் பார்க்காத இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. இனோட் என்று ஒன்றும் உண்டு: எத்தனை கோப்புகள் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணிக்கை. ‘அன்லிமிடெட் ஸ்டோரேஜ்’ என்ற வாக்குறுதி பெரும்பாலும் அதில்தான் முட்டும்.

நிறுவனங்களின் பக்கமும் ஒரு சுவையான சங்கதி இருக்கிறது. அவை மேலிடத்தில் இணைப்பை வாங்கும்போது பெரும்பாலும் ஜிபி கணக்கில் வாங்குவதில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தை அளந்து குறித்துக்கொள்வார்கள். 30 நாளில் 8,640 அளவுகள். அவற்றில் உச்சத்தில் இருக்கும் ஐந்து சதவீதத்தை, அதாவது 432 அளவுகளை, நீக்கிவிட்டு, மிச்சத்தில் எது அதிகமோ அதற்குப் பில் போடுவது இத்துறையில் நெடுநாள் வழக்கம். 432 அளவுகள் என்றால் 36 மணி நேரம். ஆக, மாதத்தில் ஒரே ஒரு மாலை உங்கள் தளத்தில் கூட்டம் அலைமோதினால், அந்தக் கூட்டத்துக்காக நிறுவனம் மேலிடத்துக்குக் கூடுதலாகக் கட்டவேண்டியது அநேகமாக ஒன்றுமே இருக்காது. அப்படியிருந்தும், நல்லபடியாக ஓடிய அந்த ஒரு மாலைக்காக ‘நியாயமான பயன்பாட்டு’ விதியைக் காட்டிக் கணக்கை முடக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. பிற வாடிக்கையாளர்களைக் காக்க என்று காரணம் சொல்வார்கள். அதில் உண்மையும் உண்டு. ஆனால் எந்த அளவைத் தாண்டினால் நியாயம் போய்விடும் என்பதை எண்ணால் எழுதி வைப்பவர்கள் குறைவு.

நமக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும்? ஹெச்டிடிபி ஆர்க்கைவ் திட்டத்தின் 2024 அக்டோபர் கணக்குப்படி, கைபேசியில் திறக்கும் இடைநிலை முகப்புப் பக்கத்தின் எடை 2.3 எம்பி. நாளொன்றுக்கு 200 பேர் வந்து, ஆளுக்கு மூன்று பக்கம் பார்த்தால் மாதம் 41 ஜிபி சொச்சம். விழாக்காலக் கூட்டத்துக்கும் சேர்த்து இரண்டரை மடங்கு வைத்தாலும் சுமார் 100 ஜிபிதான். ஒரு ஜவுளிக்கடை, ஒரு பள்ளி, ஒரு சிற்றிதழ், இவற்றில் எதுவும் சாதாரண மாதத்தில் இதைத் தாண்டாது. இவர்களுக்கு ‘அன்லிமிடெட்’ தேவையே இல்லை. இல்லாத பயத்துக்கு மருந்து விற்கிறார்கள்.

தமிழில் எழுதும் தளத்துக்கு எடை கூடும் என்று ஒரு பேச்சு உண்டு. யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும் என்பது மெய்தான். ‘கோ’ என்ற ஓரெழுத்து ஆறு பைட் எடுக்கும். ஆனால் இந்தக் கட்டுரை முழுவதையும் அப்படிச் சேமித்தாலும் ஐம்பது கேபி சுற்றுவட்டாரத்தில்தான் நிற்கும். ஜிசிப் அல்லது புராட்லி சுருக்கத்தைச் சர்வரில் இயக்கிவிட்டால் கால் பங்குக்கும் கீழே போய்விடும். கட்டுரைக்கு மேலே போடும் ஒரு படம், கைபேசியிலிருந்து அப்படியே ஏற்றினால், 4 எம்பி. எண்பது கட்டுரைகளின் எடையை ஒரே படம் சுமக்கிறது. வெப்பி, ஏவிஐஎஃப் வடிவங்களில் அதே படத்தை 150 கேபிக்குள் அடக்கலாம். வாசகர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

தமிழ் இணையத்தின் முன்னோடிகள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் உலகெங்கும் இருந்த தன்னார்வலர்களைக் கொண்டு இலக்கியங்களைத் தட்டச்சு செய்தே வெளியிட்டது. டயல்-அப் காலத்தில் வேறு வழியும் இல்லை. இன்று இணைப்பு வேகம் கூடிவிட்டதால் பழைய இதழ்களையும் கையேடுகளையும் ஸ்கேன் செய்து ஐம்பது, அறுபது எம்பி பிடிஎஃப்பாகப் போட்டுவிடுகிறோம். மூலநூலின் தோற்றம் முக்கியம் என்னும் ஆவணக் காப்பகங்களுக்கு அது அவசியம், குறை சொல்ல முடியாது. நூறு ரூபாய்த் திட்டத்தில் இருக்கும் சிற்றிதழ் அதைச் செய்வதுதான் பிரச்சினை. அப்படிப்பட்ட கோப்புகளை இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாக ஏற்றிவிட்டு, தன் தளத்தில் இணைப்பை மட்டும் கொடுத்தால் போதும்.

இதுவரை சொன்னது மனித வாசகர்களை வைத்துப் போட்ட கணக்கு. கடந்த சில ஆண்டுகளில் அந்தக் கணக்கைக் கலைத்துவிட்டவை பாட்கள் எனும் தானியங்கி நிரல்கள். மென்பொருள் ஆவணங்களை இலவசமாக வெளியிட உதவும் ரீட் தி டாக்ஸ் என்ற சேவை 2024-இல் தன் அனுபவத்தை வெளிப்படையாக எழுதியது. செயற்கை நுண்ணறிவுக்காகத் தரவு திரட்டும் ஒரே ஒரு கிராலர் அந்த ஆண்டு மே மாதத்தில் மட்டும் 73 டிபி இறக்கியிருந்தது. அதற்கான செலவு 5,000 டாலருக்கு மேல். இத்தகைய கிராலர்களைத் தடுத்தபின் நாளொன்றுக்கு 800 ஜிபியாக இருந்த போக்குவரத்து 200 ஜிபிக்கு இறங்கியது. நான்கில் மூன்று பங்கு, ஒரு மனிதரும் படிக்காத போக்குவரத்து.

விக்கிமீடியா அறக்கட்டளை 2025 ஏப்ரலில் சொன்னது இன்னும் நுட்பமானது. பார்வைகளில் பாட்களின் பங்கு 35 சதவீதம்தான். ஆனால் தங்களுக்கு அதிகச் செலவு வைக்கும் போக்குவரத்தில் அவற்றின் பங்கு 65 சதவீதம். காரணம் எளிது. மனிதர்கள் ஒரே சமயத்தில் ஒரே விஷயத்தைத் தேடி வருவார்கள். அந்தப் பக்கம் அருகிலுள்ள கேஷில் தயாராக இருக்கும். கிராலருக்கு எல்லாப் பக்கமும் ஒன்றுதான். யாரும் பல ஆண்டுகளாகத் திறக்காத பக்கத்தையும் தோண்டி எடுக்கும். அதை மூல சர்வர்தான் கொடுத்தாக வேண்டும். உங்கள் தளத்தில் பழைய பதிவுகள் அதிகம் என்றால் இந்தத் தோண்டல் உங்களுக்கும் நடந்துகொண்டிருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் ஏடபிள்யூஸ்டாட்ஸ் என்ற பகுதியைத் திறந்து, பாட்களுக்கு என்று தனியாகக் காட்டும் ஜிபியைப் பார்த்தால் தெரியும். வாங்கியபின் அந்தப் பக்கம் போனவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

‘அன்லிமிடெட்’ வேண்டாம், பயன்படுத்திய அளவுக்குக் காசு கொடுக்கலாம் என்று கிளவுட் பக்கம் போனால் அங்கே ஆபத்து வேறு. 2024 பிப்ரவரியில் நெட்லிஃபை சேவையில் எளிய தளம் ஒன்றை இலவசத் திட்டத்தில் வைத்திருந்த ஒருவருக்கு 1,04,500 டாலர் பில் வந்தது. அவர் தளத்தில் இருந்த 3.44 எம்பி எடையுள்ள ஒரு எம்பி3 பாட்டை யாரோ தானியங்கி முறையில் திரும்பத் திரும்ப இறக்கியிருந்தார்கள். நான்கு நாளில் 190 டிபி. அப்போதைய விலை 100 ஜிபிக்கு 55 டாலர். பெருக்கிப் பார்த்தால் அந்தத் தொகை அப்படியே வரும். முதலில் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். விஷயம் இணையத்தில் பரவியபின் தலைமை நிர்வாகியே முழுத் தொகையையும் ரத்து செய்தார். பரவாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தவர்கள் அன்றே தங்கள் தளங்களை வேறிடத்துக்கு மாற்றினார்கள்.

பெரிய கிளவுட் நிறுவனங்களில் உள்ளே வரும் தரவுக்குக் காசு இல்லை, வெளியே போகும் தரவுக்கு உண்டு. அமேசான் வெப் சர்வீசஸின் மும்பைப் பிராந்தியத்தில் மாதம் முதல் 100 ஜிபி இலவசம். அதற்கு மேல் ஜிபிக்குப் பட்டியல் விலை 0.1093 டாலர், அதாவது ஒன்பது ரூபாய்க்கு மேல். அமெரிக்காவின் கிழக்குப் பிராந்தியத்தில் அதே ஜிபி 0.09 டாலர். அதே நிறுவனத்தின் லைட்செயில் என்ற எளிய திட்டத்தில் மும்பையைத் தேர்ந்தெடுத்தால், மற்ற பல ஊர்களுக்குக் கொடுக்கும் தரவு ஒதுக்கீட்டில் பாதிதான் கிடைக்கும். மாதக் கட்டணம் மட்டும் குறையாது. மாறாக, டிஜிட்டல் ஓஷன் தன் பெங்களூரு மையத்தில் ஆறு டாலர் சர்வருக்கே மாதம் 1,000 ஜிபி தருகிறது. தாண்டினால் ஜிபிக்கு ஒரு சென்ட். ஒரே தென்னிந்திய வாசகருக்கு ஒரே ஜிபியை அனுப்ப இரண்டு கடைகளில் பதினோரு மடங்கு விலை வித்தியாசம். சேவைகள் ஒன்றுபோல் அல்ல என்பது உண்மைதான். ஆனாலும் பதினோரு மடங்கை அது நியாயப்படுத்துமா?

விலை குறைவு என்று சர்வரை அமெரிக்காவில் வைப்பவர்களும் உண்டு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் ஒருமுறை போய்வர நடைமுறையில் 200 மில்லிநொடிக்கு மேல். பாதுகாப்பான இணைப்பு தொடங்கி முதல் எழுத்து வருவதற்குள் மூன்று முறை போய்வர வேண்டியிருக்கும். பேண்ட்வித் எவ்வளவு வாங்கினாலும் இந்த அரை நொடிச் சொச்சத்தை வாங்க முடியாது. தளத்தின் நகலை வாசகருக்கு அருகிலுள்ள சர்வர்களில் வைத்துக் கொடுக்கும் கிளவுட்ஃப்ளேர் போன்ற சிடிஎன்னைச் சேர்த்தால் படங்களும் எழுத்துருக்களும் பக்கத்திலிருந்தே போகும். அந்நிறுவனத்துக்கு 2015 முதலே சென்னையில் மையம் உண்டு, இலவசத் திட்டத்தில் சாதாரணப் பக்கங்களுக்கு ஜிபி கணக்கு பார்ப்பதும் இல்லை. சிறு தளங்களுக்கு இதைவிட நல்ல பேரம் இன்று இல்லை என்பேன். என்றாவது ஒரு நாள் விதியை மாற்றுவார்கள் என்ற நினைப்போடு பயன்படுத்த வேண்டும், அவ்வளவுதான்.

இது வாங்குபவரின் சாமர்த்தியத்தோடு முடிகிற விஷயம் அல்ல. வீட்டு பிராட்பேண்டில் இதே ‘அன்லிமிடெட்’ விளையாட்டு நடந்தபோது, 2016-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டது. எவ்வளவு தரவு வரை எந்த வேகம், அதற்குப் பிறகு எந்த வேகம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், எல்லை நெருங்கும்போது வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஹோஸ்டிங் நிறுவனங்கள் தொலைத்தொடர்பு உரிமம் பெற்றவை அல்ல என்பதால் அந்த உத்தரவு அவற்றைத் தொடாது. ஐரோப்பிய ஒன்றியம் தன் தரவுச் சட்டத்தின் மூலம், வாடிக்கையாளர் வேறு கிளவுட் நிறுவனத்துக்கு மாறும்போது தரவை எடுத்துச் செல்வதற்கு வாங்கும் கட்டணத்தை 2027 ஜனவரி முதல் ஒழிக்கிறது. அந்தச் சட்டம் நெருங்கியதும் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2024-இலேயே விலகிச் செல்வோருக்கு அந்தக் கட்டணத்தைக் கைவிட்டன. கட்டாயம் வரும்போது கட்டுப்படியாகிறது பாருங்கள்.

நம்மிடம் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள், விளம்பரத்தின் முக்கிய வாக்குறுதிக்கு முரணாகப் பொடி எழுத்தில் பொறுப்புத் துறப்பு போடக் கூடாது என்கின்றன. ‘அன்லிமிடெட் பேண்ட்வித்’ என்று மேலே பெரிதாகவும், ‘அதிகம் பயன்படுத்தினால் முடக்குவோம்’ என்று வேறு பக்கத்திலும் எழுதுவது இதில் அப்பட்டமாக விழும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் யாரும் புகார் கொடுக்காமலே தானாக விசாரிக்கலாம். முதல் தவறுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஒரே சமயத்தில் எத்தனை நுழைவு, எவ்வளவு பிராசஸர், எத்தனை கோப்பு, இணைப்பு வேகம் எவ்வளவு, தாண்டினால் வேகம் குறையுமா, முடங்குமா, பில் ஏறுமா: இவ்வளவையும் விலைக்குப் பக்கத்திலேயே அச்சிடு என்று ஆணையிட்டால், மூன்று கட்டங்களில் எது யாருக்கு என்று வாங்குபவரே முடிவு செய்துகொள்வார்.

அந்த ஆணை வரும் வரை, நான்கு ஆண்டுப் பணத்தைக் கட்டும் முன் இதே கேள்விகளை நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். அரட்டைப் பெட்டியில் கேட்டால் ‘கவலைப்படாதீர்கள் சார், எல்லாம் அன்லிமிடெட்’ என்று வரும். மின்னஞ்சலில் எண் கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் எழுதுவார்கள். வந்த பதிலைச் சேமித்து வையுங்கள். தளம் முடங்கி, வழக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட்டோடு இணைக்க அது தேவைப்படும்.